நாலாவதாக வந்த மரம்

சவுரி மச்சான், எங்கள் வீட்டு மருமகனே, என் ஒரே தோஸ்தே,

காலை ஷிப்டு முடிந்து இப்போதுதான் வந்தேன். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்றுதான் ஆகிறது. ஆனாலும் நாலு நாள் தூங்காதவன் மாதிரி உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. இன்றைக்கும் எழுதாமல் படுத்தால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் உனக்கு வருஷ பூசை வைத்தோம். என் தங்கை பிலோ வெள்ளைப் புடவையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உன் மகள் பூசை முழுக்க அவள் மடியில் தூங்கினாள். சாமியார் உன் பேரை வாசித்தபோது உங்கள் அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள், யாரோ கூப்பிட்டமாதிரி.

இங்கே என்ன செய்தி என்று கேட்பாய். நாம் கட்டுமரத்தை இறக்கிய இடம் இப்போது இல்லை. கடல் இன்னும் ஒரு வரிசை வீட்டைத் தின்றுவிட்டது. லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பலகை ஓட்டுகிற பசங்கள் வடக்கே தள்ளிப் போய்விட்டார்கள். பாறையில் ஏறி நின்றால் எண்ணூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது. நானோ பாறையில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்கிறேன். கெமிக்கல் கம்பெனியில் பத்து வருஷம் என்றால் சும்மாவா? நெஞ்சு ஊதல் மாதிரி கத்துகிறது. நீ பார்த்தால் சிரிப்பாய். இல்லை, சிரிக்க மாட்டாய். மூச்சை எப்படி விடுகிறேன் என்று பார்ப்பாய்.

உனக்கு எப்போதும் அந்த மூச்சுப் பைத்தியம்தானே. நமக்குப் பத்து வயசிருக்கும்போது, உடைந்த கட்டுமரத்திலிருந்து கழித்துப் போட்ட கட்டையைச் செதுக்கிப் பலகையாக்கி, அதன்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். அலை எழும்பும்போது திரும்பி, அது தூக்குகிற நேரத்தில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கரைவரைக்கும் அலையே கொண்டுவந்து போட்டுவிடும். கல்மண்டபத்துப் பசங்கள் எல்லாருக்கும் அது விளையாட்டு. உனக்கு மட்டும் அது கணக்கு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எத்தனை இழுப்பு, எந்த இழுப்பில் மூச்சை விடுவது, எந்த இழுப்பில் கை தளர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாய்.

காசிமை நினைத்துப் பார். தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவான். மரக்கடையில் வேலை. உடம்பு தேற்றுகிற கரடிப் பள்ளியில் கர்லாக்கட்டை சுற்றி, ஒரே மூச்சில் இருநூறு தண்டால் எடுப்பவன். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. முதல் நாள் பலகையில் படுத்தவன் இருபது இழுப்பில் நாக்கைத் தள்ளிவிட்டான். நீ அவன் பக்கத்தில் நீந்திக்கொண்டே அது பாரம் தூக்குகிற கை, தண்ணீருக்கு வேறு கை வேண்டும் என்றாய். கை இழுக்கக் கூடாது, முதுகு இழுக்க வேண்டும், கை வெறும் கயிறு என்றாய். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

அந்தப் பரீட்சை அறிவிப்பு வந்தபோது நமக்கு இருபத்தொரு வயசு. அரிசிக்கு ரேஷன் கடையில் காலையிலேயே கூடை போட்டு இடம் பிடித்த வருஷம் அது. பட்டணத்துக் கடற்கரையில் குளிக்கப் போய் முழுகுகிறவர்களை இழுத்துவர ஆறு பேர் எடுக்கிறார்கள், நிரந்தர வேலை, காக்கி அரைக்கால் சட்டை என்று படிப்பகத்துப் பலகையில் எழுதிப் போட்டிருந்தது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கட்டுமரத்தில் அலையைத் தாண்டி, தூரத்தில் மிதக்கும் கொடியைச் சுற்றி, அங்கே தண்ணீரில் கிடக்கிற ஆளை மரத்தில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். அதையே ஓய்வில்லாமல் இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் மூன்று மரத்துக்காரர்களுக்கு வேலை.

படித்து முடித்ததும் நீ என் தோளைத் தட்டி, "நாம ரெண்டு பேரும்டா" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நீ என்னை மனுஷனாக விடவில்லை. விடியற்காலையில் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர்வரைக்கும் ஈர மணலில் ஓட்டம். திரும்பி வந்ததும் பலகையில் படுத்துக் கையால் தள்ளுவது, தோளுக்காக. அப்புறம் மரத்தில் மண்டியிட்டு மூங்கில் துடுப்பு வலிப்பது, இடுப்புக்கும் முதுகுக்கும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே செய்யக் கூடாது என்றாய். அன்றைக்கு நான் துடுப்பைத் தொட்டதற்குத் திட்டினாய். கை வளர்வது வேலை செய்யும்போது இல்லை, தூங்கும்போதுதான் என்பாய். கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். அதுதான் உன் சட்டம்.

மச்சான், நான் தூங்கவில்லை.

உன் எதிரே நின்று சொல்ல முடியாததை எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். அந்த மூன்று மாதத்தில் முதல் மாதம் மட்டும்தான் நான் உன் சட்டப்படி இருந்தேன். இரண்டாவது மாதம் எங்கள் மாமா இந்தக் கம்பெனியில் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். நைட் ஷிப்டு. ஒழுங்காக வந்தால் பெர்மனெண்ட் ஆக்கிவிடுவார்கள் என்றார். பரீட்சையில் தேறாவிட்டால் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நீ வேறு ஜோடி தேடுவாய். தேடினால் உனக்குக் காசிம் கிடைப்பான், எனக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். அதனால் திருவொற்றியூரில் அத்தை வீட்டில் படுத்துக்கொள்கிறேன், அங்கிருந்தே ஓடி வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று பொய் சொன்னேன். இரவு முழுக்க மூட்டை தள்ளிவிட்டு, விடிந்ததும் கடலில் முங்கி வாடையைக் கழுவிக்கொண்டு, அப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி உன் முன்னால் வந்து நிற்பேன். நீ எண்ணிக்கையை ஏற்ற ஏற்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டு வலிப்பேன். என் கை ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும்.

பரீட்சை அன்றைக்குக் காலையில்கூட நான் ஷிப்டிலிருந்துதான் வந்தேன்.

பதினொரு மரம். ஆபீஸ்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவே திரண்டிருந்தது. நான் முன்னால், நீ பின்னால். முன்னால் இருப்பவன் வலிக்க வேண்டும், பின்னால் இருப்பவன் வலித்துக்கொண்டே மரத்தைத் திருப்பவும் வேண்டும். முதல் சுற்றில் நாம் இரண்டாவதாக வந்தோம். ஆளை ஏற்றி, அலை பிடித்து, கரையில் மூக்கு குத்தி நிறுத்தியபோது ஜனங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மரத்தைத் திருப்பினோம். இரண்டாவது சுற்று. முதல் அலை தாண்டினோம். இரண்டாவதும் தாண்டினோம். மூன்றாவது அலை எழும்பும்போது என் கை எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. துடுப்பு தண்ணீரில் இருக்கிறது, நான் இழுக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. மரம் நின்றது. அலை அதைக் குறுக்கே புரட்டியது.

நீ கவிழ்ந்த மரத்தைத் தனியாக நிமிர்த்தி, என்னை ஏற்றிவிட்டு, மீதித் தூரத்தை ஏறக்குறைய நீ ஒருவனே வலித்தாய். நாலாவதாக வந்தோம். நமக்கு முன்னால், ஒரு மரத்தின் நீளத்தில், மூன்றாவதாக வந்தவர்கள் காசிமும் அவன் சித்தப்பா மகனும்.

கரையில் ஆபீஸ்காரர் என்னய்யா ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வலது தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"என் தோளு வுட்டுப்போச்சு சார். இவன் மேல தப்பு இல்ல."

நான் சும்மா நின்றேன். அதுதான் நான் செய்தது, மச்சான். சும்மா நின்றேன். உனக்கு நிஜமாகவே தோள் பிசகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் அப்படித்தான் இருக்கும் என்று நம்ப ஆரம்பித்தேன். நம்புவது வசதியாக இருந்தது.

உங்கள் அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், வாய் கொஞ்சம் நீளம். தெருவில் நாலு பேர் நடுவில் உன்னைத் தோளு செத்தவன் என்றார். அந்தப் பேர் உன்மேல் ஒட்டிக்கொண்டது. நீ கடலுக்குப் போவதை விட்டாய். பலகையைத் தொடவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனாய். எட்டு வருஷம், அதே வலது தோளில், மலை மலையாகக் கோதுமையும் உரமும் சுமந்தாய். தோள் போனவன் எப்படி மூட்டை தூக்குகிறான் என்று தெருவில் ஒருத்தராவது யோசித்தார்களா? மற்றவர்களை விடு. நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் கம்பெனியில் பெர்மனெண்ட் ஆனேன். நீ பிலோவைக் கேட்டு வந்தாய். கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, இனிமேல்தான் நான் உனக்கு நிஜ மச்சான் என்றாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். உன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பா செத்த வீட்டில், பெட்டியை மூடுவதற்கு முன்னால், அவர் காதிலாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும்.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கேட்கவில்லை என்றதும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு நாள். கடைசிக்கு முந்தின நாள் நான் உன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். நீ கண்ணைத் திறந்து, இன்றைக்கு அலை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். தெற்குக் காற்று, அலை சுமாராக இருக்கிறது என்றேன். உன் உதடு அசைந்தது. இழுப்பை எண்ணுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபமாகவும் இருக்கலாம். அப்போதும் நான் சொல்லவில்லை.

வருஷ பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். பிலோ காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார்கள். உன்னைப் பற்றி ஏதோ சொல்லி அழப்போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. சாதாரணமாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். நீ ஏழு மாசக் குழந்தையாக இருந்தபோது தூளியிலிருந்து விழுந்துவிட்டாயாம். அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். வலது பக்கமாக விழுந்தாயாம். புருஷன் அடிப்பான் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம்.

"அந்தத் தோளுதான், அருளு, அன்னிக்கு வுட்டுப்போச்சு," என்றார்கள். "என்னாலதான். அந்தத் தோளோட என் புள்ள எட்டு வருசம் மூட்ட தூக்கினான்."

பரீட்சைக்குப் பிறகு வருஷக்கணக்கில், நீ வேலை முடிந்து வந்ததும் உன்னை உட்காரவைத்து உன் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அதற்காகத்தானாம். நீயும் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வாயாம். ஏன் மச்சான்? அம்மாவிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவர்கள் மனசில் இது இருந்தது உனக்குத் தெரியாது, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருமுனையில் காசிம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். காக்கி உடுப்பிலேயே வந்திருந்தான், அன்றைக்கு அவனுக்கு டூட்டி. என் முகத்தைப் பார்த்து இன்னா ஆச்சு என்று கேட்டான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கம்பெனி, நைட் ஷிப்டு, தூங்காத இரண்டு மாதம், செத்துப்போன என் கை, எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். ஆச்சரியப்படவில்லை.

"அவனுக்குத் தெரியும்," என்றான்.

எனக்குப் புரியவில்லை. காசிம் நிதானமாகச் சொன்னான். பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் அவனே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, அருளு தேறமாட்டான், நாம இரண்டு பேரும் ஜோடி சேரலாம் என்று கேட்டானாம். நீ மாட்டேன் என்றாயாம். அவன் விடாமல், உனக்குக் கண் தெரியவில்லையா என்றானாம்.

"அதுக்கு அவன் இன்னா சொன்னான் தெரியுமா? எனக்கு முன்னாடி ஒக்காந்து வலிக்கிறவன் கை எனக்குத் தெரியாதா காசிம், ஒரு மாசமா அவன் மேல கம்பெனி வாட கீது, அவனா சொல்லட்டும்னு கீறேன், அப்டின்னான்."

அவனா சொல்லட்டும் என்று இருந்தாயா? ஒரு மாதம் முழுக்க, தினமும் காலையில், என் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாயா? சாகிறவரைக்கும் அதற்காகவா காத்திருந்தாய்? எங்கள் வீட்டில் பிலோவைப் பார்த்திருந்தாய், அதனால் அவள் அண்ணனைக் கைவிடவில்லை என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இன்னொரு சமயம், அதெல்லாம் இல்லை, நாம இரண்டு பேரும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாய், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. எது நிஜம் என்று இனிமேல் யாரிடம் கேட்பேன்?

காசிம் போகும்போது, தனக்குக் கிடைத்த அந்த வேலை உன்னுடையது என்று அவனுக்கும் தெரியும் என்றான். இதுவரைக்கும் பதினாறு பேரைக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறானாம். ஒவ்வொரு தடவையும், முதுகால் இழுடா என்று நீ சொன்னது காதில் கேட்குமாம். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் எனக்கு மூன்று வாரம் ஆனது. ஷிப்டுக்குப் போவேன், வருவேன், படுப்பேன். உங்கள் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது எப்போதுமே குறைவு.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். உங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பிலோ பக்கத்தில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். அன்றைக்குத் துவண்டது சவுரியின் தோள் இல்லை, என் கை. நான் திருட்டுத்தனமாக நைட் ஷிப்டு பார்த்தேன். அவன் எனக்காகப் பொய் சொன்னான். நான் அதைப் பத்து வருஷம் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் சொன்னேன். மூச்சு வாங்கியது.

பிலோ சீப்பை வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் அம்மா கையில் இருந்த மீனை அப்படியே வைத்திருந்தார்கள். திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் கேட்டது வேறு.

"அப்போ என் புள்ள தோளு நல்லாத்தான் இருந்துதா?"

"நல்லா இருந்துது அத்தே. அந்தக் கரையிலேயே அவன் தோளுதான் நல்ல தோளு."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், மீன் வாடையைக்கூடப் பார்க்காமல். அவர்கள் முகம் அப்படி லேசாக இருந்து நான் பார்த்ததே இல்லை, மச்சான். என்மேல் கோபப்பட அவர்களுக்கு ஞாபகமே வரவில்லை. பிறகு மெதுவாக, "அவுங்கப்பாகிட்ட சொல்ல முடியாது. தெருவுக்காச்சும் சொல்லு" என்றார்கள்.

அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிலோ இன்னும் என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை. அவள் புருஷனைத் தோளு செத்தவன் என்று கூப்பிட்ட தெருவில் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று இதை எழுதவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. களைப்புதான் இன்னும் அதிகமாக இருக்கிறது. ஆனால் நேற்று ஷிப்டு முடிந்து உங்கள் வீட்டு வழியாகவே நடந்து வந்தேன்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். இதை நல்ல எழுத்தில் ஒரு பிரதி எடுத்து, என் முழுப்பேரைக் கீழே போட்டு, நாளைக்குப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டுவேன். மழையில் நனைந்தாலும், யாராவது கிழித்தாலும், மறுபடியும் எழுதி ஒட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே நின்று படித்துச் சொல்வேன். உன் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் வயசில், அவள் முதலில் படிப்பது அவளுடைய அப்பாவின் தோளைப் பற்றியதாக இருக்கும்.

உன் மச்சான்,
உனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன்,
அருளப்பன்
ராயபுரம்